கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன டீ ஃபேக்டரியில் உட்கார்ந்து டீ ருசித்துவிட்டு வர

வைன் ருசிப்பதற்கென்றே நாசிக் வரை போய்த் திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே உட்கார்ந்துவிட்டு வந்த நண்பர்கள் அதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு நம் நீலகிரிதான் நினைவுக்கு வரும். விளைகிற இடத்திலேயே உட்கார்ந்து, செய்தவரே ஊற்றித் தர, அவசரமில்லாமல் வாய் வாயாக ருசித்துப் பார்க்கிற வாய்ப்பு இங்கேயும் இருக்கிறது. இங்கே அது டீ. நான் கோயம்புத்தூர்க்காரன், வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை இதற்காகவே கோத்தகிரிக்கோ குன்னூருக்கோ ஏறிவிடுவேன். முதல்முறை போகிறவர்களுக்கு எதெல்லாம் முன்பே தெரிந்திருந்தால் நல்லதோ அதை எழுதுகிறேன்.

தொட்டபெட்டா போகும் வழியிலும் குன்னூர் சிம்ஸ் பார்க் பக்கத்திலும் சுற்றுலாப் பயணிகள் உள்ளே போய்ப் பார்க்கிற டீ ஃபேக்டரிகள் உண்டு. குழந்தைகளுக்கு மிஷின் ஓடுவதைக் காட்ட நல்ல இடங்கள், நானும் கூட்டிப் போயிருக்கிறேன். நான் சொல்ல வருவது அதைவிடச் சின்னது. மூன்று ஏக்கரோ ஐந்து ஏக்கரோ சொந்தத் தோட்டம், வீட்டை ஒட்டி ஒரு ஷெட், அதற்குள் இலை உருட்டும் மிஷின் ஒன்று, உலர்த்த ஒரு டிரையர், அப்பா தோட்டத்தைப் பார்க்க மகளோ மகனோ டீயைப் பார்க்கிற மாதிரி ஒரு குடும்பம். மலையில் தியாசோலா, டன்சாண்டில் மாதிரி 150 வருடம் தாண்டிய பெரிய எஸ்டேட்டுகள் இருந்தாலும், ஹட்டிகள் என்கிற ஊர்களில் இருக்கிற, இந்த மலையின் படகர் சமூகக் குடும்பங்களில் பெரும்பாலானோர் சிறு விவசாயிகள். பறித்த பச்சைத் தேயிலையை அன்றன்றைக்கே ஏதாவது ஒரு ஃபேக்டரிக்குக் கிலோ கணக்கில் போட்டுவிட்டு, அவர்கள் கொடுக்கிற விலையை வாங்கிக்கொள்வதுதான் வழக்கம். அந்த விலை கட்டுப்படியாகவில்லை என்பது மலையில் பல வருடப் பிரச்சினை. 2023-ல் கிலோவுக்கு 33.50 ரூபாய் வேண்டும் என்று தொடர் உண்ணாவிரதமே இருந்தார்கள். அதனால்தான் ஒரு சிலர், இலையை விற்காமல் நாமே டீ செய்து நாமே விற்போம் என்று இறங்கியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவரிடம் போய் உட்கார்ந்து குடிக்கும்போது, அந்தக் கப்பில் இருப்பது எந்தச் சரிவில் எந்த வாரம் பறித்த இலை என்று நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். அந்தப் பேச்சுக்காகத்தான் நான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

கண்டுபிடிப்பதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. கோத்தகிரி, குன்னூர் கடைகளில் நல்ல லீஃப் டீ பாக்கெட் ஒன்றைக் கையில் எடுத்துப் பின்பக்கம் பாருங்கள். தயாரித்தவர் முகவரியை அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்புச் சட்டம். தயாரிப்பும் பேக்கிங்கும் ஒரே முகவரியில், அதுவும் ஏதாவது ஒரு ஹட்டியின் பெயரோடு இருந்தால் அநேகமாக நீங்கள் தேடுகிற ஆள் அவர்தான், போன் நம்பரும் அங்கேயே இருக்கும். தங்குகிற ஹோம்ஸ்டே வீட்டுக்காரரிடம் கேட்டாலும் சொல்வார், மலையில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்.

கட்டாயம் போன் பண்ணிவிட்டுத்தான் போக வேண்டும். இது அவர்களுடைய வீடு, கடை இல்லை. பேசும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: அன்றைக்கு இலை ஓடுமா (அதாவது மிஷினில் டீ செய்வார்களா), எத்தனை மணிக்கு உருட்டுவார்கள், ருசிக்க உட்கார்ந்தால் ஆளுக்கு எவ்வளவு. கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம், அவர்களுக்கும் அது சௌகரியம். சிலர் காசே வாங்க மாட்டார்கள், அப்படியானால் வரும்போது டீ வாங்கிக்கொண்டு வாருங்கள்.

எத்தனை மணிக்கு என்று கேட்கச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நான் முதல்முறை போனது ஒரு திங்கட்கிழமை மத்தியானம். மிஷின் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது, ஷெட்டில் ஆள் இல்லை, வீட்டுக்கார அண்ணன் ஒரு கப் டீ கொடுத்து, "நேத்து ஞாயித்துக்கிழமைங்க, பறிக்கல. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வாங்க, காட்டுறேன்" என்றார். அப்போதுதான் கணக்குப் புரிந்தது. பகலில் பறித்த கொழுந்தை உடனே உருட்ட முடியாது, ராத்திரி முழுக்கப் பரப்பி, கீழே இருந்து காற்று விட்டு, 12 மணி நேரத்திலிருந்து 18 மணி நேரம் வரை வாட்ட வேண்டும். அதனால் இன்றைக்குப் பறித்தது நாளைக் காலையில்தான் டீயாகும், ஞாயிறு பறிக்காத தோட்டத்தில் திங்கள் காலை உருட்ட இலையே இருக்காது. ஆகவே செவ்வாயிலிருந்து சனிக்குள் ஒரு நாள், விடிகாலையில் போவதுதான் சரி. ஏழு மணிக்குள் அங்கே இருந்தால் மொத்த வேலையையும் பார்க்கலாம், ஒன்பது மணிக்கு மேல் ருசிக்க உட்காரலாம். ஜனவரி வாக்கில் ஹெத்தை அம்மன் திருவிழா வரும், அந்த நாள்களில் ஹட்டிகளில் யாரையும் வேலைக்கு எதிர்பார்க்காதீர்கள்.

மாதம் என்று பார்த்தால், என் ஓட்டு டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை. ஏப்ரல், மே மாதங்களிலும் மழைக்குப் பிறகும் இலை நிறைய வரும், ஆனால் வாசனை வருவது குளிரில்தான். ராத்திரியில் உறைபனி விழுகிற அந்த நாள்களில் செடி மெதுவாகத்தான் துளிர் விடும், பறிக்கிற அளவு குறைந்துபோகும், அந்தக் கொஞ்ச இலையில் வாசம் கூடி நிற்கும். ஃப்ராஸ்ட் டீ என்று தனியாகப் பெயர் போட்டே விற்கிறார்கள். என் அத்தை பாலில்லாத டீயை வாயில் வைக்காதவர், போன வருடம் ஜனவரியில் அவரையும் கூட்டிப் போயிருந்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு அந்த வீட்டுப் பெண்ணிடம், "மல்லிப்பூ வாசம் வருதே கண்ணு, எசன்ஸ் ஏதாச்சும் போட்டீங்களா?" என்றார். "இல்லைங்கம்மா, எல்லாம் குளிர் பண்ற வேலைங்க" என்று அந்தப் பெண் சிரித்தாள். அத்தை இரண்டாவது கப்பும் வாங்கிக் குடித்தார்.

போகிற அன்றைக்கு உடம்பில் சென்ட், வாசனை எண்ணெய், தலையில் பூ எதுவும் வேண்டாம். உங்களுக்கு மட்டுமல்ல, உடன் உட்கார்ந்திருப்பவருக்கும் மூக்கு அடைத்துவிடும், அவர்கள் ஷெட்டில் விரித்திருக்கிற இலையும் வாசனையை இழுத்துக்கொள்ளும். காலையில் பூண்டு, வெங்காயம், ஊறுகாய் தவிர்த்துவிடுங்கள், வெற்றிலை பாக்கும் சிகரெட்டும் கூடாது, பல் துலக்கிய பேஸ்ட்டின் காரம் நாக்கில் இருந்து போக ஒரு மணி நேரம் கொடுங்கள். அதற்காக வெறும் வயிற்றில் போய்விடாதீர்கள். பால் இல்லாத டீ ஏழெட்டு வகை வெறும் வயிற்றில் இறங்கினால் குமட்டும், தலை சுற்றும். இரண்டு இட்லியை, சட்னி அதிகம் தொடாமல், சாப்பிட்டுவிட்டுப் போனால் போதும்.

மலை ஏறுவது பற்றிச் சுருக்கமாக. சொந்த வண்டியில் வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம், வார நாளுக்கும் வார இறுதிக்கும் வண்டி எண்ணிக்கையில் வரம்பு வைத்திருக்கிறார்கள், முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். பஸ்ஸில் வந்தால் அந்தக் கவலை இல்லை, மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு நேர் பஸ் இருக்கிறது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை, செக்போஸ்ட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள், ஒரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள். விடிகாலையில் ஷெட்டில் நிற்க வேண்டும் என்றால் முந்தின நாளே போய்த் தங்குவதுதான் நல்லது, பனிமூட்டத்தில் மலைப்பாதையில் அவசரமாக ஓட்ட வேண்டாம்.

சரி, அங்கே போயாயிற்று. நேராகக் கப்பைத் தேடாதீர்கள், முதலில் தோட்டத்தில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வாருங்கள். இரண்டு இலை ஒரு மொட்டு என்று எல்லோரும் சொல்வதை நீங்களே ஒன்று கிள்ளிப் பாருங்கள். பிஞ்சுக் கொழுந்து நகம் படாமலே ஒடியும், அதற்கு அடுத்த இலை இழுபடும். எந்த ரகம் என்று கேளுங்கள். 1893-ல் தொடங்கிய, குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தோட்டக்காரர்கள் சங்கமான உபாசி வெளியிட்ட ரகங்கள் பலரிடம் இருக்கும், சிலர் வாசனைக்குப் பெயர் போன சிஆர்-6017 வைத்திருப்பார்கள், இன்னும் சிலர் தாத்தா காலத்து விதைச் செடி என்பார்கள். பதில் எதுவாக இருந்தாலும் பின்னால் கப்பில் அது தெரியும், அதனால் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஷெட். வாட்டிய இலையைக் கைநிறைய எடுத்து உருண்டையாக அழுத்திவிட்டு விடுங்கள். சரியாக வாடியிருந்தால் ஒடியாது, பட்டுத்துணி மாதிரி மெதுவாக விரியும். அதன்பிறகு உருட்டல். இலையின் உள்ளே இருக்கிற சாறு வெளியே வந்து காற்றுப் படுகிற கட்டம் இது, பச்சை மெல்ல மெல்லச் செம்பு நிறமாக மாறும், அதோடு ஷெட்டுக்குள் பச்சை ஆப்பிளை நறுக்கினாற்போல் ஒரு வாசம் எழும். அந்த வாசத்துக்காக அதிகாலையில் எழுந்து வரலாம் என்பது என் கருத்து. எந்த நிமிடத்தில் இதை நிறுத்தி டிரையருக்குள் அனுப்புவது என்பதைப் பெரும்பாலும் மூக்கை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். அப்போது அவர்களிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். ஐந்து நிமிடம் தப்பினால் ஒரு நாள் பறிப்பு போய்விடும். 1 கிலோ டீக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை போகிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நம் வீட்டில் பாலுக்குப் போடுகிற குருணை டீ வேறு முறையில் செய்யப்படுகிறது. பல் வைத்த உருளைகளுக்கு நடுவே இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சிடிசி முறை அது, சாறு சீக்கிரம் இறங்கும், நிறம் ஏறும், பாலைத் தாங்கும். சின்னக் குடும்ப ஃபேக்டரிகளில் பெரும்பாலும் முழு இலையை உருட்டுகிற பழைய முறைதான், ஆர்த்தடாக்ஸ் என்பார்கள். இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு எது உசத்தி என்று கேட்பதில் எனக்கு உடன்பாடு இல்லை, இரண்டும் வேறு வேறு வேலைக்கு ஆனவை.

ருசிக்க உட்காரும்போது வெள்ளைக் கப்புகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு டீக்கும் மூன்று இருக்கும்: காய்ந்த இலை, வெந்நீரில் ஊறிய இலை, வடித்த டீ. மூன்றையும் பாருங்கள். காய்ந்த இலையில் ஒரு பிடியை முகத்தருகே வைத்து, அதன்மேல் வாயால் சூடாக ஒரு ஊது ஊதி, உடனே முகர்ந்து பாருங்கள், அப்போதுதான் வாசம் கிளம்பும். கறுப்பு டீ என்றால் ஊறிய இலை செம்பு மாதிரிப் பளிச்சென்று இருந்தால் நல்லது, கரும்பச்சையாக மங்கிக் கிடந்தால் எங்கோ கவனம் தப்பியிருக்கிறது. கப்புக்குக் கப்பு ஒப்பிட வேண்டும் என்பதால் அளவு ஒன்றாக இருப்பது முக்கியம். சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓ வகுத்திருக்கிற முறைப்படி 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம். இது குறையைக் கண்டுபிடிப்பதற்கான கணக்கு, குடித்து ரசிப்பதற்கானது இல்லை. அவ்வளவு நேரம் ஊறினால் துவர்ப்பு தூக்கலாகத்தான் வரும். வீட்டு ஃபேக்டரிகளில் பெரும்பாலும் விருந்தாளிக்கு மூன்று நான்கு நிமிடம்தான் வைப்பார்கள், எனக்கும் அதுதான் பிடிக்கும்.

வரிசை முக்கியம். உருட்டாமல் வாட்டி உலர்த்துகிற வெள்ளை டீ முதலில், பிறகு பச்சை, பிறகு பச்சைக்கும் கறுப்புக்கும் நடுவில் நிற்கிற ஊலாங், கடைசியில் கறுப்பு டீ. தலைகீழாகப் போனால் கறுப்பு டீயின் துவர்ப்பு நாக்கில் ஏறிக்கொண்டு வெள்ளை டீ வெறும் வெந்நீர் மாதிரித் தெரியும். ஸ்பூனில் எடுத்து உர்ரென்று சத்தம் வர உறிஞ்சுங்கள். வீட்டில் இப்படிக் குடித்தால் அம்மா திட்டுவார், இங்கே அதுதான் முறை. காற்றோடு சேர்ந்து டீ வாய் முழுக்கத் தெளித்து, வாசம் மூக்கின் பின்பக்கமாக ஏறும். குன்னூரில் 1963-லிருந்து நடக்கிற ஏலத்துக்கு டீ பார்த்துச் சொல்கிற டேஸ்டர்கள் ஒரே காலையில் நூற்றுக்கணக்கான கப் ருசிப்பார்கள், எல்லாவற்றையும் துப்பிவிடுவார்கள். நீங்களும் துப்பலாம், அதற்கென்று பாத்திரம் வைத்திருப்பார்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். பிடித்ததை மட்டும் விழுங்குங்கள்.

என்ன சொல்வது என்று தெரியாமல் முழிக்க வேண்டியதில்லை. துவர்ப்பா, கசப்பா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். நெல்லிக்காய் மாதிரி நாக்கை இழுத்துப் பிடித்துவிட்டுப் பிறகு எச்சில் ஊறவைத்தால் அது துவர்ப்பு, நல்ல டீக்கு உரியது. பாகற்காய் மாதிரித் தொண்டையில் உட்கார்ந்துகொண்டால் அது கசப்பு, இலை முற்றியிருக்கலாம், தண்ணீர் கொதி அதிகமாக இருந்திருக்கலாம். அதற்கப்புறம் வாசம் எதை ஞாபகப்படுத்துகிறதோ அதை அப்படியே சொல்லுங்கள். வைக்கோல், பலாப்பழம், ஈர மண், அடுப்புப் புகை, ரோஜா, எதுவானாலும் சரி. "சாமிக்கு வச்ச கொய்யாப்பழம் மாதிரி இருக்கு" என்று ஒரு சின்னப் பையன் சொன்னதும், அந்த வீட்டு அண்ணன் எழுந்துபோய் நோட்டில் குறித்துவைத்ததை நான் பார்த்திருக்கிறேன். பிடிக்கவில்லை என்றாலும் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள், செய்கிறவர்களுக்கு அதுவும் வேண்டும். கப்பு ஆறினபிறகு இன்னொரு வாய் குடித்துப் பாருங்கள், சூட்டில் மறைந்திருந்த குறைகள் அப்போதுதான் தெரியும். பல ஊர் டீ ஆறினால் கலங்கிவிடும், நீலகிரி டீ பெரும்பாலும் தெளிவாகவே நிற்கும், ஐஸ் டீக்கு இதை விரும்பி வாங்குவது அதனால்தான்.

பாலும் சர்க்கரையும் கேட்கலாமா என்று பலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எல்லாம் ருசித்து முடிந்தபிறகு தாராளமாகக் கேளுங்கள். இலங்கையிலிருந்து திரும்பி வந்து இந்த மலையில் குடியேறிய குடும்பங்களில் பாலில்லாத டீயைப் பிளேன்டீ என்பார்கள், ஒரு கையில் சர்க்கரையோ வெல்லமோ வைத்துக் கடித்துக்கொண்டு குடிப்பார்கள். டீயில் சர்க்கரையைக் கலக்காமல் இனிப்போடு குடிக்க இது நல்ல வழி. வர்க்கி பக்கத்தில் இருந்தால் அதையும் கடைசியில் எடுங்கள், அதன் நெய்ப்பிசுக்கு நாக்கில் படிந்துவிட்டால் அதற்குமேல் எதையும் ருசிக்க முடியாது.

வாங்கும்போது நிறைய வாங்காதீர்கள். பிடித்த இரண்டு வகையில் நூறு நூறு கிராம் போதும், நல்ல இலை டீ நூறு கிராமில் 40 கப்புக்கு மேல் வரும். பறித்த மாதத்தைப் பாக்கெட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். விலையைப் பார்த்துப் பேரம் பேச வேண்டாம் என்பதையும் கேட்டுக்கொள்கிறேன். ரேஷன் கடை ஊட்டி டீ விலையோடு இதை வைத்துப் பார்க்க முடியாது, அந்தப் பாக்கெட்டுக்குள் எவ்வளவு கையுழைப்பு இருக்கிறது என்பதைக் காலையில் நீங்களே நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். வழியில் ரோட்டோரக் கடைகளில் மலிவாக டீத்தூள் வாங்க நேர்ந்தால் மட்டும் ஒரு சோதனை: வெள்ளை டிஷ்யூ தாளில் கொஞ்சம் தூளைப் பரப்பித் தண்ணீர் தெளித்துச் சிறிது நேரம் விட்டு, தூளைத் தட்டிவிட்டுப் பாருங்கள். தாளில் ஆரஞ்சும் பழுப்புமாகச் சாயம் பரவியிருந்தால் நிறம் சேர்த்த தூள், நல்ல டீ பச்சைத் தண்ணீரில் அவ்வளவு வேகமாகச் சாயம் விடாது.

வீட்டுக்கு வந்து போட்டால் அங்கே குடித்த மாதிரி வரவில்லையே என்று வருத்தப்படுகிறவர்கள் அதிகம். இரண்டு காரணம். ஒன்று தண்ணீர், போர்வெல் உப்புத் தண்ணீரில் டீ மங்கிவிடும், மேலே ஏடு மாதிரிப் படியும். குடிக்கிற நல்ல தண்ணீரையே பயன்படுத்துங்கள். இரண்டாவது பலர் கவனிக்காதது: குன்னூர் 1,850 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். கீழே 100 டிகிரிக்குப் பக்கத்தில் கொதிக்கிற தண்ணீரை அப்படியே ஊற்றினால் அதே இலை, அதே நேரத்தில் இன்னும் கடுமையாக இறங்கும். அதனால் கொதித்ததும் அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் ஆறவிட்டு ஊற்றுங்கள், கறுப்பு டீக்கு மூன்று நிமிடம் போதும். பச்சை டீக்கு 80 டிகிரி அளவுக்கு ஆற வேண்டும். இலையைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைக்கிற நம் வழக்கம் சிடிசிக்கு மட்டும். பாக்கெட்டைப் பிரித்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, மசாலா டப்பாக்களிடமிருந்து தள்ளி, வெளிச்சம் படாத அலமாரியில் வையுங்கள். ஃப்ரிட்ஜ் வேண்டாம், ஈரமும் மற்ற சாமான்களின் வாசமும் ஏறிவிடும்.

வீட்டில் போட்டுக் குடித்த பிறகு, எப்படி இருந்தது என்று அந்தக் குடும்பத்துக்கு ஒரு போனோ ஒரு மெசேஜோ போடுங்கள். அடுத்த குளிரில் இலை ஓட ஆரம்பித்ததும், "அண்ணா, இந்த வாரம் வந்தீங்கன்னா நல்லா இருக்கும்" என்று அவர்களே கூப்பிடுவார்கள்.